காந்தி அந்தப் படத்தில் ராட்டை சுற்றவில்லை! ஒரு செய்திப் படத்தை எப்படிப் படிப்பது?

ராட்டையோடு காந்தி இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு நிமிடம் மனதில் கொண்டுவாருங்கள். பள்ளிப் புத்தகத்திலோ போஸ்டரிலோ எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அதில் காந்தி என்ன செய்துகொண்டிருக்கிறார்?

‘நூல் நூற்கிறார்’ என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் படத்தில் அப்படி இல்லை. காந்தி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலை குனிந்து, கையில் இருக்கும் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். ராட்டை அவருக்கு முன்னால் பெரிதாக, தனியாக நிற்கிறது. அவர் கை அதன்மேல் இல்லை.

அப்போ ‘நூற்கும் காந்தி’ எங்கிருந்து வந்தார்? படத்தில் இல்லாத ஒரு செயலை நாமே சேர்த்துக்கொண்டோம். ராட்டை, காந்தி, சுதந்திரப் போராட்டம் என்று ஏற்கெனவே தெரிந்த கதை, கண் பார்ப்பதற்கு முன்பே படத்தை முடித்துவிட்டது.

செய்திப் படங்களில் தினமும் நடப்பது இதுதான். ஒரு படத்தின் அர்த்தம் முழுவதும் கேமராவுக்குள் உருவாவதில்லை. யார் எடுத்தார், எந்த அளவுக்கு வெட்டினார்கள், கீழே என்ன எழுதினார்கள், எப்போது போட்டார்கள், யார் மறுபடி பயன்படுத்தினார்கள் என ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. புனேயில் எடுக்கப்பட்ட இந்த ஒரே படத்தை வைத்து அந்த நிறுத்தங்களைப் பார்க்கலாம்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது?

ஆண்டு 1946. எடுத்தவர் மார்கரெட் போர்க்-வைட். அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர். இந்தியத் தலைவர்களைப் பற்றிய கட்டுரைக்காக வந்திருந்தார். காந்தியைப் படமெடுக்க அவருக்குச் சில நிபந்தனைகள் போடப்பட்டன. முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். அன்று காந்திக்கு மௌன நாள், அதனால் பேசக் கூடாது. கண்ணைக் கூசும் வெளிச்சம் காந்திக்குப் பிடிக்காது, அதனால் மூன்றே மூன்று ஃப்ளாஷ் பல்புகள்தான்.

முதல் பல்பு சரியாக வேலை செய்யவில்லை. இரண்டாவது எரிந்தது, ஆனால் ஃபிலிமை மூடியிருக்கும் ஸ்லைடை எடுக்க அவர் மறந்துவிட்டார், படம் விழவில்லை. மூன்றாவது முயற்சியில் கிடைத்ததுதான் நாம் பார்க்கும் படம்.

இந்தக் கதை முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. ‘கேமரா உள்ளதை உள்ளபடி பிடிக்கிறது’ என்பது பாதி உண்மைதான். எதைப் படமெடுக்கலாம், எப்போது, எவ்வளவு வெளிச்சத்தில் என்பதை எடுக்கப்படுபவரின் தரப்பும் தீர்மானிக்கிறது. ராட்டை கற்றுக்கொண்டு வா என்று சொன்ன இடத்திலேயே, படத்தில் எது முக்கியம் என்ற செய்தி புகைப்படக்காரருக்குப் போய்விட்டது. இன்று ஒரு தலைவரின் ஊடகக் குழு, கேமராக்கள் எங்கே நிற்க வேண்டும் என்று கயிறு கட்டுகிறதே, அதன் பழைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தகவல். 1942 ஆகஸ்ட் முதல் 1944 மே வரை காந்தி புனே ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்தார். 1932, 33-ல் எரவாடா சிறையில் இருந்தார். இந்தப் படம் எடுக்கப்பட்ட 1946-ல் அவர் கைதி இல்லை. ஆகவே இதே படத்தை ‘எரவாடா சிறையில் காந்தி’ என்று யாராவது உங்களுக்கு அனுப்பினால், படம் நிஜம், வாசகம் பொய். இப்படி நிஜப் படமும் தவறான வாசகமும் சேர்ந்து வருவது மிகச் சுலபமாக நம்பவைக்கும் கலவை. படத்தில் எடிட்டிங் எதுவும் இருக்காது என்பதால் சந்தேகமும் வராது.

‘லைஃப்’ அதை எப்படிப் போட்டது?

இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த படம் உடனே அட்டையில் வந்திருக்கும் என்று நினைப்போம். வரவில்லை. 1946 மே 27 இதழில் இந்தியத் தலைவர்கள் பற்றிய கட்டுரை வந்தபோது இந்தப் படம் அதில் இல்லை. அடுத்த மாதம், காந்தியின் இயற்கை மருத்துவ ஆர்வம் பற்றிய கட்டுரை ஒன்றின் மேலே சிறியதாக வந்தது. அந்த ஆண்டுகளில் புனே வரும்போது அவர் இயற்கை சிகிச்சை நிலையத்தில் தங்குவது வழக்கம். தாடிவாலா சாலையில் உள்ள அந்த இடம்தான் இன்று ‘பாபு பவன்’, தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம். ஹிஞ்சவாடியிலோ கராடியிலோ வேலை பார்ப்பவர்கள் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கலாம், ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான்.

1948 ஜனவரி 30-ல் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று, அதற்குச் சில மணி நேரம் முன்புதான் போர்க்-வைட் அவரைப் பேட்டி எடுத்திருந்தார். பிப்ரவரியில் வந்த அஞ்சலிப் பக்கங்களில் ‘லைஃப்’ அதே ராட்டைப் படத்தைப் பெரிதாகப் போட்டது. உலகம் அதைப் பார்த்தது அப்போதுதான்.

படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. ஆனால் 1946 ஜூனில் அது வைத்தியத்தில் ஆர்வமுள்ள ஒரு முதியவரின் படம். 1948 பிப்ரவரியில் ஒரு தியாகியின் படம். பக்கமும் தேதியும் மாறியதும் அர்த்தமும் மாறிவிட்டது.

உடையில் என்ன அரசியல்?

படத்தில் காந்தியின் இடுப்பில் வெள்ளைத் துணி மட்டும். இந்த உடைக்கு ஒரு தமிழ்நாட்டுத் தேதி இருக்கிறது: 1921 செப்டம்பர் 22, மதுரை. மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, அன்று காலை சட்டை, தொப்பி எல்லாம் விட்டுவிட்டு அரையாடையோடு வெளியே வந்தார். அந்நியத் துணியைப் புறக்கணியுங்கள் என்றால், கதர் வாங்கக் காசில்லாதவர் என்ன செய்வார்? அதற்கான பதிலாகத்தான் தன் உடையைக் குறைத்துக்கொண்டார். அந்த உடையில் அவர் பேசிய இடம் இன்றும் மதுரையில் ‘காந்தி பொட்டல்’தான்.

ஆக, புனே படத்தில் நாம் ‘எளிமை’ என்று படிப்பது, 25 ஆண்டுகளுக்கு முன் யோசித்து எடுத்த ஓர் அரசியல் முடிவு.

இதே புனேயில் இன்னொரு உடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1932 செப்டம்பர் 24-ல் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்று காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மறுபக்கம் பேசியவர் அம்பேத்கர். அம்பேத்கரின் படங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோட்டு, டை, கையில் புத்தகம். நாடு முழுவதும் உள்ள சிலைகளில் அது நீலக் கோட்டு.

மேல்துண்டு போடவும் செருப்பு அணியவும் தடை இருந்த ஊர்களில் இருந்து வந்தவர்களுக்கு, சட்டையைக் கழற்றுவது விடுதலையின் அடையாளமாகத் தெரியாது. முழுக்கை கோட்டு போட்டு நிமிர்ந்து நிற்பதுதான் அவர்களுக்கு விடுதலை. கழற்ற முடிந்தவரின் எளிமை ஒன்று. அணிய மறுக்கப்பட்டவரின் கோட்டு இன்னொன்று. இரண்டு படங்களிலும் உடைதான் பேசுகிறது, ஆனால் சாதி தெரியாமல் பார்த்தால் ஒருவர் ‘எளியவர்’, மற்றவர் ‘ஆங்கில பாணி’ என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

இதற்குக் கோட்பாடு எதுவும் இருக்கிறதா?

இருக்கிறது. அது ஒரு சலூன் கடையில் இருந்து தொடங்குகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த், 1957-ல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் இதை விவரிக்கிறார். முடிவெட்டும் கடையில் அவர் கையில் ‘பாரி மாட்ச்’ இதழ் கொடுக்கப்படுகிறது. அட்டையில் பிரெஞ்சு ராணுவ உடையில் ஒரு கறுப்பின இளைஞன், கண்ணை உயர்த்தி சல்யூட் அடிக்கிறான்.

படம் நேரடியாகச் சொல்வது அவ்வளவுதான். ஆனால் அது சுட்டுவது வேறு: பிரான்ஸ் ஒரு பெரிய பேரரசு, அதன் எல்லாப் பிள்ளைகளும் நிற வேறுபாடு இல்லாமல் அதற்குச் சேவை செய்கிறார்கள். காலனிய ஆட்சியைக் கேள்வி கேட்பவர்களுக்கு ஒரு வரி எழுதாமலே பதில் சொல்லியாகிவிட்டது.

இதைத்தான் இரண்டு அடுக்கு என்கிறோம். முதல் அடுக்கு, கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது, அந்தச் சமூகத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் ‘தானாகவே’ புரிவது. அந்தத் ‘தானாகவே’ என்ற இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். தினத்தந்தி புரட்டும் நம்ம ஊர் சலூனிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

உங்கள் பர்ஸில் இருக்கும் செய்திப் படம்

வெட்டுவது, அதாவது க்ராப் செய்வது, எவ்வளவு வலிமையான வேலை என்பதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். ரூபாய் நோட்டை எடுங்கள். 1996 முதல் வரும் மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளில் சிரிக்கும் காந்தி முகம், ஒரு நிஜப் புகைப்படத்தில் இருந்து வெட்டியது. அதுவும் 1946-ல் எடுக்கப்பட்டதுதான். மூலப் படத்தில் அவர் பக்கத்தில் பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக்-லாரன்ஸ் நிற்கிறார், ஆட்சி மாற்றம் பற்றிப் பேச வந்த தூதுக்குழுவில் ஒருவர்.

வெட்டியதும் என்ன ஆனது? எதிரில் இருப்பவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்த அரசியல்வாதி மறைந்துவிட்டார். யாரையும் பார்த்துச் சிரிக்கும் தேசத் தந்தை கிடைத்துவிட்டார். இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் சூழல் போய்விட்டது.

படம் வேறொருவர் கைக்குப் போனால்?

1997-ல் ஆப்பிள் நிறுவனம் ‘திங்க் டிஃபரென்ட்’ விளம்பரங்களைத் தொடங்கியது. அதில் போர்க்-வைட்டின் ராட்டைப் படமும் வந்தது. வணிக விளம்பரத்துக்குத் தரப்படாத படம் அது. ஸ்டீவ் ஜாப்ஸ், டைம் நிறுவனத்தின் தலைமை ஆசிரியரிடம் நேரடியாகப் பேசி விதிவிலக்கு வாங்கினார். ஆலைத் துணிக்கு எதிராகக் கைராட்டையை நிறுத்தியவரின் படம் கம்ப்யூட்டர் விற்றது. எதிர்ப்பின் அடையாளம், ‘வித்தியாசமாக யோசிப்பவர்’ என்ற குணமாகச் சுருங்கியது.

2017 ஜனவரியில் அடுத்த திருப்பம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட காதி மற்றும் கிராமத் தொழில் ஆணையத்தின் காலண்டரிலும் டைரியிலும் பிரதமர் மோடி ராட்டை சுற்றும் படம் வந்தது. காந்தி படம் இல்லை. ஆணைய ஊழியர்கள் சிலர் வாயில் கறுப்புத் துணி கட்டி அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முந்தைய சில ஆண்டுகளிலும் காந்தி படம் இல்லாமல் காலண்டர் வந்திருக்கிறது, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது.

காந்தி இல்லாத காலண்டர் முன்பும் வந்தது என்றால், இந்த முறை மட்டும் ஏன் கோபம்? காரணம், படம் மாறியதோடு அது நிற்கவில்லை. அதே ராட்டை, அதே மாதிரி உட்காரும் நிலை, அதில் வேறு ஆள். எல்லோர் மனதிலும் இருக்கும் ஒரு படத்தின் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்ததாக அது படிக்கப்பட்டது. கவனித்தீர்களா, 2017 படத்தில் இருப்பவர்தான் உண்மையில் ராட்டை சுற்றுகிறார். 1946 படத்தில் இருப்பவர் சுற்றவில்லை. ஆனால் ‘ராட்டை’ என்றதும் நமக்கு வருவது இரண்டாமவர்தான்.

பாதங்கள் சொன்னதும் சொல்லாததும்

காந்தி படம் ஒருவரைப் பற்றியது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் படத்தில் இருந்தால்?

2018 மார்ச் 6-ல் நாசிக்கில் இருந்து விவசாயிகள் மும்பைக்கு நடக்கத் தொடங்கினார்கள். அகில இந்திய கிசான் சபா ஒருங்கிணைத்த பேரணி, சுமார் 180 கிலோமீட்டர். நடந்தவர்களில் பெரும்பகுதி ஆதிவாசிகள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மறுநாள் தொந்தரவு வரக் கூடாது என்று, கடைசி நாள் மும்பைக்குள் இரவோடு இரவாக நடந்து ஆசாத் மைதானம் சேர்ந்தார்கள்.

இரண்டு வகைப் படங்கள் பரவின. ஒன்று, உயரத்தில் இருந்து எடுத்தது: சாலை முழுக்கச் சிவப்புத் தொப்பியும் கொடியும். இன்னொன்று, மிக அருகில் எடுத்தது: தோல் உரிந்து வெடித்த பாதங்கள். முதல் படம் எண்ணிக்கையைக் காட்டுகிறது, அரசுக்கு அழுத்தம் தருகிறது. ஆனால் முகம் இல்லை. இரண்டாவது வலியைக் காட்டுகிறது, நகரத்து மக்களின் மனதைத் தொடுகிறது. ஆனால் அதிலும் முகம் இல்லை, குரலும் இல்லை.

அந்தப் பாதங்கள் எதற்காக நடந்தன? முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, 2006 வன உரிமைச் சட்டப்படி தாங்கள் உழும் நிலத்துக்குப் பட்டா. கடன் தள்ளுபடி இன்னொன்று. பாதத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று ஷேர் செய்த நம்மில் எத்தனை பேருக்குப் பட்டா விஷயம் நினைவிருக்கிறது? பாவப்பட்டவராகப் படம் காட்டியவர், சட்டம் தனக்குத் தந்த உரிமையைக் கேட்டு வந்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. மார்ச் 12-ல் மாநில அரசு பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்பதாக எழுதிக் கொடுத்தது. வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2019-லும், மறுபடி 2023-லும் விவசாயிகள் நாசிக் மாவட்டத்தில் இருந்து நடந்தார்கள். அந்த நடைகளின் படம் ஏதாவது உங்கள் கண்முன் வருகிறதா?

ஒரே நாள், இரண்டு படம், ஒரு பொய்ச் சிரிப்பு

2023 மே 28. டெல்லியில் புதிய நாடாளுமன்றம் திறப்பு. தமிழ்நாட்டு ஆதீனங்கள் சூழ, பிரதமர் செங்கோல் முன் விழுந்து வணங்கும் படம் வெளியானது. தமிழர்களிலேயே சிலர் அதை நம் பண்பாட்டுக்குக் கிடைத்த மரியாதையாகப் படித்தார்கள். மக்களாட்சியின் அவையில் அரசரின் அடையாளம் எதற்கு என்று வேறு சிலர் கேட்டார்கள். ஒரே படம், ஒரே மொழி பேசுபவர்கள், இரண்டு வாசிப்பு.

அதே நாள், அதே நகரம். மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லிப் போராடிய வீராங்கனைகள் நாடாளுமன்றம் நோக்கிப் போனபோது தடுத்துப் பிடிக்கப்பட்டார்கள். புகாரை அவர் மறுத்துவந்தார். போலீஸ் வண்டிக்குள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் உள்ளிட்டோர் எடுத்த செல்ஃபி வெளியானது. சில மணி நேரத்தில் அதே செல்ஃபி இன்னொரு வடிவில் சுற்றியது. அதில் அவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு ஏஐ செயலி மூலம் ஒட்டவைத்தது என்று உண்மை சரிபார்ப்பவர்கள் காட்டினார்கள். கவனியுங்கள், ஆளை மாற்றவில்லை, இடத்தை மாற்றவில்லை. உதட்டை மட்டும் மாற்றினார்கள். ‘இதெல்லாம் நாடகம்’ என்று சொல்ல அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நிஜப் படத்தில் வீராங்கனைகள் என்ன புகார் சொன்னார்கள் என்ற பேச்சு, அவர்கள் சிரித்தார்களா இல்லையா என்ற பேச்சாக மாறியது.

நாமே எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு படம் கோபமோ கண்ணீரோ வரவைத்தால், ஃபார்வர்டு செய்யும் முன் இந்த ஆறு கேள்விகள்:

1. படத்தில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? பெயரோ கதையோ சேர்க்காமல் வினைச்சொல்லில் மட்டும் சொல்லிப் பாருங்கள்: உட்கார்ந்திருக்கிறார், படிக்கிறார்.

2. வாசகம் சொல்லும் இடமும் தேதியும் சரியா? கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடினால், அது முதலில் எப்போது வந்தது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு துப்பு கிடைக்கும்.

3. ஓரத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? அதே நிகழ்ச்சியின் வேறு படங்களைத் தேடுங்கள். நெருக்கமாக எடுத்த 200 பேர் பெருங்கூட்டமாகத் தெரிவார்கள். உயரத்தில் இருந்து எடுத்தால் அதே 200 பேர் காலி மைதானமாகத் தெரிவார்கள்.

4. கேமரா எங்கே நிற்கிறது? தலைவரைக் கீழிருந்தும், மக்களை மேலிருந்தும் எடுப்பது தற்செயலா? போலீஸ் வரிசைக்குப் பின்னால் இருந்து எடுத்தால் எதிரே இருப்பவர் மிரட்டலாகத் தெரிவார். மக்கள் பக்கத்தில் இருந்து எடுத்தால் போலீஸ் மிரட்டலாகத் தெரியும்.

5. யாருக்குப் பெயர் இருக்கிறது? ‘அமைச்சர் இன்னார்’ என்றும், பக்கத்தில் நிற்பவரை ‘மூதாட்டி’ என்றும் எழுதுகிறோம். பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்காகப் பெயரை மறைப்பது வேறு. பெயரைக் கேட்காமலே விடுவது வேறு.

6. அவர் கேட்டது என்ன? கோரிக்கை வாசகத்திலாவது இருக்கிறதா? இல்லை என்றால், படம் இரக்கத்தோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் ஆர்வம் இருந்தால், ஒரு வாரம் இதை ஷீட்டில் போட்டுப் பாருங்கள். தினமும் இரண்டு செய்தித் தளங்களின் முதல் படம். வரிசைகள்: தேதி, யார், என்ன செய்கிறார், ஆணா பெண்ணா, பெயர் இருக்கிறதா, கேமரா மேலா கீழா. வாரக் கடைசியில் 14 வரி இருக்கும். 14 என்பது சின்ன எண், அதை வைத்து ஓர் ஊடகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் யார் பேசும்போது படமெடுக்கப்படுகிறார், யார் அழும்போது மட்டும் படமெடுக்கப்படுகிறார் என்ற வித்தியாசம் கண்ணில் படத் தொடங்கும். ஒரு தடவை பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எல்லாப் படத்தையும் சந்தேகப்படு என்று இதற்கு அர்த்தமில்லை. வெடித்த பாதங்களின் படம் இல்லையென்றால் அந்த நடை இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் படம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. மிச்சத்தை வாசகம் எழுதுபவரும் பார்ப்பவரும்தான் செய்ய வேண்டும்.

நேரமில்லை, ஆறு கேள்வி அதிகம் என்பவர்கள் முதல் கேள்வியை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம். 1946-ல் எடுத்த ஒரு படத்தில் காந்தி படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க அது ஒன்றே போதும்.